கேள்வி–பதில்: சொந்தக் காசில் ஒரு ஒயிட்போர்டு

முதலீட்டாளர் யாரும் இல்லாமல் சேமிப்பை மட்டும் வைத்து மென்பொருள் தொழில் தொடங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இங்கே மொரிஷியஸில் ரோஸ் ஹில் இளைஞர்கள் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். மற்ற ஊர்களிலிருந்து வந்தவையும் அதே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த முறை முழுக்க ஒயிட்போர்டுதான்.

நாங்கள் மூன்று நண்பர்கள். பகலில் எபேனில் வேலை, ராத்திரியில் சொந்த வேலை. ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே பலகையில் சேர்ந்து எழுதுகிற மாதிரி ஒரு ஆன்லைன் ஒயிட்போர்டு செய்திருக்கிறோம். டியூஷன் ஆசிரியர்கள் சிலர் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். மிரோ, ஃபிக்ஜாம் என்று பெரிய ஒயிட்போர்டு ஆப்கள் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிடலாமா? — ரோஸ் ஹில்

விடாதீர்கள். ஆனால் மிரோவைப் போல ஆக வேண்டும் என்கிற நினைப்பை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மிரோ 2011-ல் ரியல்டைம்போர்டு என்ற பெயரில் தொடங்கி, 2019-ல் பெயர் மாறியது. இன்று அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகள். அதன் கருவிப்பட்டையைப் பார்த்தாலே தெரியும்: ஒட்டுச்சீட்டு, ஓட்டெடுப்பு, கூட்டம் நடத்த டைமர், நூற்றுக்கணக்கில் டெம்ப்ளேட். குவாட்ரே போர்னில் எஸ்சி (ஸ்கூல் சர்ட்டிபிகேட்) பரீட்சைக்கு ஆறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்கு இதில் எதுவுமே வேண்டாம். பழைய கேம்பிரிட்ஜ் வினாத்தாளைப் பலகையில் போட்டு அதன் மேலேயே எழுத வேண்டும், வரைபடத் தாள் வேண்டும், கோணமானி வேண்டும், வகுப்பு முடிந்த பிறகும் பலகை அப்படியே இருக்க வேண்டும், பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்து பார்க்க வேண்டும், அதுவும் பழைய ஆண்ட்ராய்டு போனில். உலகத்துக்கே விற்கிற கம்பெனி இவருக்காக உட்கார்ந்து யோசிக்காது. நீங்கள் யோசிக்கலாம், அவர் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.

இலவசமாகப் பெரிய கம்பெனி கொடுப்பதை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஆசிரியர்கள் பார்த்துவிட்டார்கள். கூகுளின் ஜாம்போர்டை எத்தனையோ வகுப்புகளில் பயன்படுத்தினார்கள், 2024 டிசம்பர் 31-ஓடு அது மூடப்பட்டது. கோப்புகளை எடுத்துவைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் பழகிய கருவி போய்விட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இலவசத்தை நிறுத்துங்கள். இப்போது பயன்படுத்துகிற ஆசிரியர்களிடம் நேரில் போய், அடுத்த மாதத்திலிருந்து 500 ரூபாய் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் போய்விடலாம், போகட்டும். கொடுக்கிறவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று உங்களுக்கே புரிந்துவிடும், இலவசமாக வைத்திருப்பவர் ஆயிரம் யோசனை சொல்வார், எதற்கும் காசு தர மாட்டார். நாற்பது ஆசிரியர் தலைக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 20,000. 2024-ல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாத ஊதியம் 16,500 ரூபாய் என்று வைத்தார்கள் இல்லையா, அதைத் தாண்டிவிட்டது. நாற்பது பேர் என்பது ரோஸ் ஹில், போ பாசேன், குவாட்ரே போர்ன் மூன்றிலும் நடந்தே பிடித்துவிடக்கூடிய எண்ணிக்கை.

ஒன்று கவனம். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, எஸ்சி, எச்எஸ்சி (ஹையர் ஸ்கூல் சர்ட்டிபிகேட்) பரீட்சைகள் அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடுகின்றன. மாதச் சந்தா மட்டும் வைத்தால் டிசம்பரில் கல்லா காலி. ஆண்டுச் சந்தாவை ஜனவரியில், பத்து மாத விலைக்கு விற்றுவிடுங்கள்.

ரெண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது சில கோடுகள் காணாமல் போகின்றன. பலகை முழுவதையும் ஒரே ஜேசன் கோப்பாக ஐந்து செகண்டுக்கு ஒரு தடவை சர்வரில் சேமிக்கிறோம். பலர் செய்த மாற்றங்களைத் தானாகவே ஒன்றுசேர்க்கிற சிஆர்டிடி முறைக்கு மாற வேண்டும் என்கிறான் நண்பன். எழுதிய நிரலையெல்லாம் தூக்கிப்போட வேண்டுமா? — அதே குழு

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிள்ளையின் போனில் இருப்பது மூன்று செகண்டுக்கு முந்தைய பலகை. அது முழுசாகப் போய்ச் சேமிக்கப்பட்டால், அந்த இடைவெளியில் ஆசிரியர் போட்ட கோடு அதோடு போச்சு. இது எப்போதாவது நடக்கிற பிழை இல்லை, இந்த முறையில் சேமித்தால் நடந்தே தீரும்.

ஒவ்வொரு கோட்டையும் தனிப் பதிவாக வையுங்கள். விரல் திரையில் பட்டதுமே அந்தக் கோட்டுக்கு ஒரு தனி அடையாள எண், அதைப் போனே உருவாக்க வேண்டும், சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. சர்வரின் வேலை வந்ததைக் கடைசியில் சேர்ப்பது மட்டும். அழிப்பதும் ஒரு பதிவுதான்: இன்ன எண்ணுள்ள கோடு அழிக்கப்பட்டது, அவ்வளவு. பேனாவால் போட்ட கோட்டை யாரும் பிறகு திருத்துவதில்லை, சேர்க்கிறார்கள் அல்லது அழிக்கிறார்கள், அதனால் ரெண்டு பேர் வரைந்தால் சண்டையே வராது, ரெண்டு கோடும் இருக்கும்.

சண்டை வருவது ஒரே பொருளை ரெண்டு பேர் மாற்றும்போது. ஒருவர் கட்டத்தை நகர்த்துகிறார், இன்னொருவர் அதற்கு நிறம் மாற்றுகிறார். இங்கே ஃபிக்ஜாமை நடத்துகிற ஃபிக்மா கம்பெனி செய்வதையே செய்யலாம், அவர்களே 2019-ல் விளக்கி எழுதியிருக்கிறார்கள்: பொருளின் ஒவ்வொரு பண்பையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, சர்வருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது நிற்கும். அப்போது இடமும் மாறும், நிறமும் மாறும். ரெண்டு பேருமே நகர்த்தினால் ஒருவர் நகர்த்தியது மட்டும் நிற்கும், அது பரவாயில்லை, கண் முன்னால் நடக்கிறது, மறுபடி இழுத்துக்கொள்வார்.

உண்மையிலேயே கஷ்டம் எழுத்துப் பெட்டிதான். ஒரே வாக்கியத்துக்குள் ரெண்டு பேர் தட்டச்சு செய்வதை ஒழுங்காகச் சேர்ப்பது பெரிய வித்தை. கணினி ஆய்வாளர்கள் எல்லிஸ், கிப்ஸ் ரெண்டு பேரும் 1989-ல் ஒரு வழி சொன்னார்கள், கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வந்தது. ஷாப்பிரோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2011-ல் முறைப்படுத்தியதுதான் உங்கள் நண்பர் சொல்கிற சிஆர்டிடி. அதை நீங்களே எழுத உட்காராதீர்கள், ஒய்ஜேஎஸ் (Yjs), ஆட்டோமெர்ஜ் போன்ற திறந்த மூல நூலகங்கள் இருக்கின்றன, எழுத்துப் பெட்டிக்கு மட்டும் ஒன்றை எடுத்து வையுங்கள். கோடுகளுக்கு அது தேவையே இல்லை. அதனால் தூக்கிப்போட வேண்டியது சேமிக்கிற பகுதியை மட்டும்தான்.

'அன்டூ' பொத்தானையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். ஒரு பிள்ளை அன்டூ தட்டினால் அந்தப் பிள்ளை போட்டதுதான் போக வேண்டும், ஆசிரியர் எழுதிய விடை போகக்கூடாது. வகுப்பு நடுவில் ஒரு தடவை அப்படிப் போனால் அந்த ஆசிரியர் திரும்பி வரமாட்டார்.

அப்புறம் டேட்டா. விரல் நகரும்போது பிரவுசர் செகண்டுக்கு அறுபது புள்ளி, சில போன்களில் அதற்கு மேலும் கொடுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்பாமல் 50 மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டாக அனுப்புங்கள். விரலை எடுத்ததும் டக்ளஸ்–பாய்க்கர் முறையில் தேவையில்லாத புள்ளிகளைக் கழித்துவிட்டுச் சேமியுங்கள், நேர்கோட்டுக்கு ரெண்டு புள்ளி போதும். யாருடைய கர்சர் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டினால் போதும், சேமிக்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ரெண்டு பழைய போனை எடுத்து, ரெண்டிலும் ஒரே பலகையைத் திறந்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, ஐந்து நிமிஷம் ரெண்டிலும் இஷ்டத்துக்கு வரைந்து, அழித்து, பிறகு இணைப்பைக் கொடுங்கள். ரெண்டு திரையும் ஒரே மாதிரி வந்து நிற்க வேண்டும், ஒரு கோடு கூடக் குறையக்கூடாது. இது நடக்கும் வரை புதிதாக எந்த வசதியும் சேர்க்காதீர்கள்.

சர்வர் பாரிசில் இருக்கிறது. கேப் டவுனுக்கு மாற்றினால் வேகம் கூடுமா? — க்யூர்பிப்

கூடும். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். இங்கிருந்து பாரிசுக்கு வானத்தில் நேராகப் போனாலே சுமார் 9,400 கிலோமீட்டர், போய்வர 94 மில்லிசெகண்ட், கடலடிக் கேபிள் சுற்றிக்கொண்டு போவதால் நடைமுறையில் அதைவிட நிறையவே ஆகும். பே து ஜாகோதேயில் கரையேறுகிற சேஃப் கேபிள் 2002-லிருந்து நம்மை ஒரு பக்கம் தென்னாப்பிரிக்காவோடும் இன்னொரு பக்கம் கொச்சி, பினாங்கோடும் இணைக்கிறது. அமேசான் 2020-ல் கேப் டவுனிலும், மைக்ரோசாஃப்ட் 2019-ல் ஜோகன்னஸ்பர்க்கிலும் தரவு மையம் திறந்தாகிவிட்டது.

ஆனால் இப்போது மாற்றாதீர்கள், கேப் டவுனில் வாடகை ஐரோப்பாவைவிடக் கூடுதல். ஒருவர் தான் போடுகிற கோடு விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்றுதான் பார்ப்பார், அதற்கும் சர்வருக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. முதலில் திரையில் வரைந்துவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும். எதிராளி அதைக் கால் செகண்ட் கழித்துப் பார்த்தால் யாருக்கும் உறுத்தாது, போனில் வருகிற குரலே கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. மாணவர் தொகை பெருகிக் காசு வர ஆரம்பித்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், இணைப்பே இல்லாதபோது என்ன ஆகிறது என்பது. நம் ஊரில் நவம்பரிலிருந்து புயல் காலம். ரெண்டாம் எச்சரிக்கை வந்தாலே பள்ளி மூடிவிடுவார்கள், உங்கள் ஆப்புக்கு அன்றைக்குத்தான் கூட்டம். 2024 ஜனவரி 15-ல் பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளக்காடாக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நாளில் மின்சாரமும் வைஃபையும் விட்டுவிட்டு வரும். பலகையின் ஒரு படி போனுக்குள்ளேயே, பிரவுசருக்குள் இருக்கிற இண்டெக்ஸ்டு டிபி என்கிற சேமிப்பில், எப்போதும் இருக்க வேண்டும்.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ஒயிட்போர்டு ஆப்பில் தமிழில் தட்டச்சு செய்தால் திரையில் சரியாக இருக்கிறது, பிடிஎஃப் எடுத்தால் கொம்பு எல்லாம் இடம் மாறிப்போகிறது. பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது? — பேல் ஏர்

டீச்சர், தப்பு உங்கள் பக்கம் இல்லை. 'கெ' என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஆனால் கணினிக்குள் 'க' முதலில், கொம்புக் குறி பின்னால். காட்டும்போது அதை இடம் மாற்றி வைக்க வேண்டிய வேலையைப் பிரவுசர் ஒழுங்காகச் செய்கிறது, பல பிடிஎஃப் நூலகங்கள் செய்வதில்லை, எழுத்தை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடுகின்றன. இப்போதைக்கு ஆப்பின் பிடிஎஃப் பொத்தானை விட்டுவிட்டு, பிரவுசரிலேயே அச்சிடு கொடுத்து அதில் பிடிஎஃபாகச் சேமியுங்கள், அல்லது படமாக இறக்கிக்கொள்ளுங்கள்.

ரோஸ் ஹில் தம்பிகளே, இதை நீங்களும் படியுங்கள். பிடிஎஃபுக்கு, குறிகளை அதனதன் இடத்தில் வைத்துத் தருகிற ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நூலகம் வழியாக எழுத்தைக் கோத்துக்கொண்டு போங்கள். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் ஒன்று அகப்படாது. வருகிறதை எல்லாம் யூனிகோடின் என்எஃப்சி என்கிற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். கர்சர் 'கை'க்கு நடுவில் போய் நிற்கக்கூடாது, வரி மடியும்போது அதை ரெண்டாக உடைக்கவும் கூடாது.

இன்னொரு யோசனையும் இருக்கிறது, எனக்கு இதில்தான் ஆசை அதிகம். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். 'ழ'வையும் 'ஞ'வையும் அச்சில் பார்த்தால் பேனாவை எங்கே வைத்து எந்தப் பக்கம் வளைப்பது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கோடுகளைத் தனித்தனியாக, நேரத்தோடு சேமித்தால், டீச்சர் எழுதிய எழுத்தை அதே வேகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டலாம். பிள்ளை வீட்டில் பத்து தடவை பார்த்து, பக்கத்திலேயே தன் விரலால் எழுதிப் பார்க்கும். மேலே சொன்ன சேமிப்பு முறைக்கு மாறினால் இதற்குக் கூடுதல் வேலை ரொம்பக் குறைவு. தீவு முழுக்க இருக்கிற தமிழ் வகுப்புகளுக்கு இது எத்தனை பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

டிஎல்டிரா, எக்ஸ்காலிடிரா போன்ற ஒயிட்போர்டுகளின் நிரலை எடுத்து அதன் மேலே கட்டலாமா? — மொக்கா

எக்ஸ்காலிடிரா எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, உரிம வாசகத்தை வைத்துக்கொண்டு வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். டிஎல்டிராவின் நிரலைப் பார்க்கலாம், ஆனால் உரிமம் வேறு. விற்கப்போகிற பொருளில் வைப்பதற்கு முன் முழுசாகப் படித்துப் பாருங்கள்.

பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எப்படிப் பணம் வாங்குவது? — ரோஸ் ஹில்

உள்ளூருக்கு போனிலேயே பணம் அனுப்புகிற ஜூஸ் ஆப் போதும், இல்லையென்றால் வங்கிப் பரிமாற்றம். நாற்பது பேருக்குத் தானியங்கி வசூல் கட்ட ஒரு மாதம் செலவழிக்காதீர்கள், நோட்டில் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டுக்கு வேறு கணக்கு. இணையத்தில் கார்டுப் பணம் வசூலித்துத் தருகிற ஸ்ட்ரைப், மொரிஷியஸ் கம்பெனிக்கு நேரடியாகக் கணக்குத் திறப்பதில்லை. பேடில் மாதிரி இடைவிற்பனையாளர்கள் உங்கள் சார்பில் அவர்களே விற்று, ஐரோப்பிய வாட் வரியையும் அவர்களே கட்டிவிடுகிறார்கள், அது பெரிய நிம்மதி. நம் நாட்டைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பேடில் அறிவித்திருக்கிற கட்டணம் 5 சதவீதமும் கூடவே 50 சென்ட்டும். மாதம் 5 டாலர் என்று வைத்தால் 75 சென்ட் போய்விடும், அதாவது 15 சதவீதம். அதையே வருஷத்துக்கு 50 டாலர் என்று ஒரே தடவையாக வாங்கினால் போவது 3 டாலர், 6 சதவீதம். வெளிநாட்டுக்கு மாதச் சந்தாவே வேண்டாம்.

உள்ளூர் வாட் பதிவுக்கான வரம்பு 2025 அக்டோபர் 1 முதல் ஆண்டு விற்பனை 60 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாகக் குறைந்திருக்கிறது. நீங்கள் அதற்கு இன்னும் தூரம், இருந்தாலும் கணக்கை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எழுதுங்கள்.

பதினான்கு வயசுப் பிள்ளைகள் பலகையில் பெயர் போட்டு எழுதுகிறார்கள். சட்டப் பிரச்சினை வருமா? — வக்வா

2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சொந்த விவரங்களை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆப் நடத்துகிறவர்கள் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவும் செய்துகொள்ள வேண்டும். பிள்ளையிடம் மின்னஞ்சல், பிறந்த தேதி எதுவும் கேட்காமல், ஆசிரியர் கொடுக்கிற இணைப்பில் ஒரு செல்லப் பெயரோடு உள்ளே விடுவதுதான் நல்லது. கேட்டு வாங்காத விவரம் கசியாது.

என் மகன் எபேனில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். நண்பர்களோடு இப்படி ஒரு கம்பெனி ஆரம்பித்து, வேலையை விடப்போகிறேன் என்கிறான். வீட்டுக் கடன் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணி வரை தூங்குவதில்லை. நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதா? — ரோஸ் பெல்

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அவர் ஆசையும் நியாயமானது. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இப்போதே விடாதே என்று சொல்லுங்கள்.

ஜோஹோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்ரீதர் வேம்பு குழுவினர் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கினார்கள், வெளியார் முதலீடு வாங்காமல், விற்ற காசிலேயே வளர்ந்தது. உங்கள் மகன் அதைக் காட்டி உங்களிடம் வாதாடக்கூடும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் விற்றார்கள், நீ யாரிடம் விற்றிருக்கிறாய்? காசு கொடுத்த ஆசிரியர்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இலவசமாகப் பயன்படுத்துகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

வேலையை விடுவதற்கு நான் ரெண்டு நிபந்தனை வைப்பேன். வீட்டுக் கடன் தவணையும் சாப்பாட்டுச் செலவும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். சந்தா வருமானம், பரீட்சை முடிந்து வகுப்பு இல்லாத டிசம்பரையும் தாண்டி, ஜனவரியில் திரும்பி வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆகஸ்டில் எண்ணிக்கை நன்றாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: டிசம்பர் போனஸ் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம், நவம்பரில் ராஜினாமா செய்தால் அது என்ன ஆகும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளட்டும், சர்வர் வாடகைக்கே அது பல மாதம் வரும்.

தூக்கத்தைப் பற்றி மட்டும் நீங்கள் கண்டிப்பாகப் பேசுங்கள். மூன்று நண்பர்கள் என்றால் சர்வரைக் கவனிக்கிற வேலையை முறை வைத்துக்கொள்ளலாம், ஒருவர் விழித்திருக்கும் ராத்திரி மற்ற ரெண்டு பேரும் தூங்கலாம். யார் எவ்வளவு காசு போட்டார்கள், யாராவது நடுவில் விலகினால் பங்கு என்ன ஆகும் என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் வேலையை விடுகிற பேச்சுக்கு முன்னால் அதை முடிக்கச் சொல்லுங்கள். பிப்ரவரியில் சந்தா எண்ணிக்கை என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.